ஏழாம் நம்பர் மீன்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் மறைத்து வைத்ததன் பலனை அனுபவித்தாகிவிட்டது, இனி மறைக்கிற உத்தேசம் இல்லை. பரிதாபப்படுகிறவர்கள் படட்டும், அது அவர்கள் பொழுதுபோக்கு. சிரிக்கிறவர்கள் மட்டும் கதை முடியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் நல்லது.

அந்தப் பதினெட்டு வருஷமும் நான் பார்த்த வேலை கார் பட்டறையில் பெயின்டர். ஆமாம், பெயின்டர்தான். நசுங்கிய கதவையும் கீறல் விழுந்த பம்பரையும் பட்டி பார்த்து, தேய்த்து, கலர் அடித்து, புதிதுபோல ஆக்கிக் கொடுக்க வேண்டும். டின் மூடியில் ஒரு நம்பர் இருக்கும், வண்டிக் கதவின் உள்பக்கத்திலும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். இரண்டு நம்பரும் ஒன்றாக இருந்தால் அடிக்க வேண்டியதுதான். யாராவது கலரைப் பற்றிப் பேச்செடுத்தால், "சூப்பரா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். ஆனால் ஒன்று, நான் அடித்த கதவில் ஒரு வடிசல் இருக்காது, ஒரு திட்டு இருக்காது. என் கையைக் குறை சொல்ல அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது.

ஒருநாள் யாரோ இரண்டு டின்களின் மூடிகளை மாற்றி மூடிவிட்டார்கள். நான் மூடியைப் பார்த்து அடித்தேன். அரக்கு நிறக் காருக்கு அடர்பச்சைக் கதவு. அதற்கு மெழுகு போட்டு, பளபளவென்று துடைத்து, வாசலில் நிறுத்திவிட்டுப் பெருமையாகப் பக்கத்திலேயே நின்றும் தொலைத்தேன். வண்டிக்காரர் வந்தார். கூட வந்த அவர் மனைவி, இது நம்ம வண்டிதானா என்று கேட்டார்.

முதலாளிக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். பட்டறையில் இருந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். துணி, மூடி, ஸ்க்ரூடிரைவர் பிடி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலர்? இது என்ன கலர்?" என்று கால் மணி நேரம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல ஒன்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில், "சிக்னல்ல எப்படிடா ரோட்டைத் தாண்டுற?" என்றார். மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன் என்று உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அன்று சாயங்காலம் வேலை போனது. 'சிக்னல்' என்ற பட்டப்பெயர் மட்டும் என்னோடு வீடுவரை வந்து, தெரு முழுக்கப் பரவியது.

வேலை போனதை நான் இரண்டு வாரத்தில் ஜீரணித்துவிட்டேன். அந்தக் கால் மணி நேரம்தான் இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். முன்னறையில் தையல் மிஷின், சுவரோடு நூல்கண்டுகள், தரையில் எப்போதும் துணிக் குவியல். கல்யாணமான முதல் மாதமே, கடைக்கு அனுப்பிப் பச்சை நூல் வாங்கிவரச் சொன்னவள், நான் கொண்டுவந்ததைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி என்னை நூல் வாங்க அனுப்பவும் இல்லை. அவள் வாயிலிருந்து அது வெளியே போகவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குத் தூண்டில் போடப் போவது எனக்குப் பழைய பழக்கம். வேலை போனபின் எல்லாக் கிழமையும் ஞாயிறாகிவிட்டது. நான் புழு கோர்க்கிற ஆள் இல்லை. ரப்பர் மீன் போடுகிறவன். எல்லாரும் ரப்பர் என்கிறார்கள், உண்மையில் அது கொழகொழவென்ற ஒரு மெத்துப் பிளாஸ்டிக். விரல் நீளத்துக்குச் சின்ன மீன்போல வார்த்திருப்பார்கள். தண்ணீரில் இழுத்தால் வால் ஆடும். பெரிய மீன் அதை நிஜமென்று நம்பிக் கவ்வும். கவ்வினால் கிழியும். கிழிந்ததை மற்றவர்கள் தூக்கிப் போடுவார்கள், நான் பொறுக்கிவந்து ஒட்டுவேன். கத்திமுனையை மெழுகுவத்தியில் சூடாக்கி, கிழிந்த இரண்டு ஓரத்துக்கும் நடுவே விட்டு எடுத்து, விரலால் அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதற்குக் கலர் அடித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. கை சும்மா இருக்காதே. முதலில் வீட்டில் கிடந்த கார் பெயின்ட்டை அடித்தேன். அடுத்த நாள் வாலை வளைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. மிச்சம் கையில் பிசுபிசுத்தது. வளைகிற உடம்புக்கு வளைகிற பெயின்ட் வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. ஏரிக்குப் போகிற வழியில் தூண்டில் கடை வைத்திருக்கும் அக்காவிடம் அதற்கென்றே தனிப் பெயின்ட் இருந்தது, உள்ளே ஊறிப் பிடிக்கிற சாயமும் இருந்தது. கலர் அடிக்காத வெறும் ரப்பர் மீன்களும் மொத்தமாகக் கிடைத்தன.

பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். மனைவியின் துணிக் குவியலில் வலைத்துணித் துண்டுகள் நிறைய இருக்கும். அதில் ஒன்றை மீனின் உடம்பில் இழுத்துச் சுற்றி, பஞ்சில் பெயின்ட்டைத் தொட்டு மேலே ஒற்றி, வலையை உரித்தால், அடியில் வரிவரியாகச் செதில். முதல்முறை அது வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ காருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன், ஒன்றுகூட என்னை எழுந்து நிற்க வைத்ததில்லை.

தூண்டில் கடை அக்கா அறுபதை நெருங்குகிறவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். செதில் வேலையை அந்தக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். பத்து பாக்கெட் பண்ணிக் கொடுங்கள், மாட்டிப் பார்க்கிறேன் என்றார். பாக்கெட்டுக்கு ஆறு மீன். நான் ராப்பகல் பாராமல் அடித்துக் கொடுத்தேன். பாட்டில்களின் மேல் சாயக் கம்பெனியின் எழுத்து இருந்தது, ஆனால் எனக்கு அதைப் படிக்க இஷ்டமில்லை. பட்டறையில் படித்தது போதும். என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததை ஒன்றாகப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். பத்து பாக்கெட்டும் மேஜைமேல் இருந்தன.

"தம்பி, ஒரே பாக்கெட்ல சிவப்பையும் பச்சையையும் போட்டு வச்சிருக்கீங்களே. இந்தப் பிளாஸ்டிக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தா சாயம் அதுக்கும் இதுக்கும் ஏறிடும். இப்ப பாருங்க, எல்லாம் சாணிக் கலரா போச்சு."

சாயம் ஏறும் என்பது எனக்கும் தெரியும். வெள்ளையைக் கறுப்போடு வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே தெரிந்துவிடும். நான் அப்படி வைக்கவில்லை. ஒரே கலரைத்தான் சேர்த்து வைத்தேன், என் கணக்கில். எனக்கு இப்போதும் அவை ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அதையும் சொன்னேன், வேறு வழியில்லை. அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை, குரலைத் தாழ்த்தினார். இனிமேல் உங்கள் வீட்டுக்காரம்மா ஒருதடவை பார்த்துச் சரி என்று சொன்னபிறகு கொண்டுவாருங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் அது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் பின்கட்டுக்குப் போனால் எல்லாப் பாட்டில்களிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மனைவியின் குண்டுக் கையெழுத்து. சிவப்பு. பச்சை. காப்பி. ஆரஞ்சு. தைக்கிற வேலைக்கு நடுவே, எனக்குத் தெரியாமல், ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். பதினெட்டு வருஷம் மூடியைப் படித்தே பிழைத்தவன் நான். மறுபடியும் படிக்கச் சொல்கிறாளே என்று உச்சந்தலைக்கு ஏறியது. ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைசித் தாளைக் கிழிக்கும்போதுதான் பார்த்தேன்.

"நான் உங்க கண்ணா இருக்கலாம்னு நினைச்சேன்" என்றாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு. போதும்" என்றேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தையல் மிஷின்தான் எனக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் நல்ல சேதி இல்லை. அவள் தம்பி, அதாவது என் மைத்துனன், எனக்கு ஒரு வேலை பிடித்திருக்கிறானாம். கடைவீதி வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். காருக்கு ஒரு கலர் டோக்கன், பைக்குக்கு ஒரு கலர் டோக்கன். அவள் சொல்லும்போதே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். சிரித்து முடித்ததும், சரி, போகிறேன் என்றேன். வேறு வேலை எதுவும் கைவசம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்த அறுபது மீனும் பின்கட்டில் கிடந்தன. குப்பையில் போட மனசு வரவில்லை. அவற்றின் வாலை மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் முக்கி, துணிக் கிளிப்பில் கொடியோடு மாட்டிக் காயவைத்தேன். வெள்ளை எனக்கும் வெள்ளைதான். அந்த வாரம் மழை கொட்டி, ஏரித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கலங்கின தண்ணீரில் யாரும் வரமாட்டார்கள். எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, போனேன்.

நான்காவது வீச்சில் ஒன்று கவ்வியது. எட்டாவதில் இன்னொன்று. மதியத்துக்குள் ஐந்து. தெளிந்த தண்ணீரில்கூட எனக்கு ஒருநாளும் ஐந்து கிடைத்ததில்லை. கரையில் உட்கார்ந்து, ஈரமான அந்த ரப்பர் மீனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். தூண்டிலை மறுபடி தண்ணீரில் விட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அந்தச் சகதிக்குள் சிவப்பாவது பச்சையாவது, ஒன்றும் தெரியாது. கறுப்பாக ஒரு உடம்பு தெரியும், வெளுப்பாக ஒரு வால் ஆடுவது தெரியும், அவ்வளவுதான். அடியில் இருக்கிற மீனுக்கு உலகம் அங்கே எப்படித் தெரிகிறதோ, எனக்குக் கரையிலேயே அப்படித்தான் தெரிகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அதற்குப்பின் நான் கலர் பார்த்து அடிக்கவில்லை. அடர்த்தி பார்த்து அடித்தேன். மிக வெளுப்பு ஒன்று, மிகக் கறுப்பு ஒன்பது, நடுவே ஏழு படி. என்ன சாயம் என்ற கவலையே கிடையாது. ஒரே அடர்த்தியில் இருப்பவற்றை ஒரே பையில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் ஒரு வாரம் ஊறவிடுவேன். எந்தத் தப்புக்காக அக்கா என் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாரோ, அந்தத் தப்பையே வேண்டுமென்று செய்தேன். சாயம் அதற்கும் இதற்கும் ஏறி, பையில் உள்ள ஆறும் ஒரே மாதிரி வந்து நிற்கும். பிறகு வலை சுற்றிச் செதில். கடைசியில் வாலுக்கு வெள்ளை.

மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஊறவைக்கும் முன்னால் ஒன்பதையும் பலகையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். பார்த்தாள். இது சிவப்பு, அது பச்சை, இது காப்பி, அடுத்தது மறுபடி சிவப்பு, இதில் என்ன வரிசை இருக்கிறது என்றாள். கண்ணைச் சுருக்கிப் பார் என்றேன். சுருக்கினாள், விளங்கவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்து, அதிலிருந்த கலரையெல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினாள். படத்தைப் பார்த்தவள் நிமிரவே இல்லை. ஒன்பதும் படிக்கட்டுப்போல ஒரே சீராக வெளுப்பிலிருந்து கறுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

விடவில்லை அவள். என்னைத் திரும்பச் சொல்லிவிட்டு இரண்டை இடம் மாற்றினாள், உடனே கண்டுபிடித்தேன். சுவரிலிருந்து இருபது நூல்கண்டுகளை எடுத்துவந்து கொட்டினாள், அடுக்கினேன். அதையும் படம் பிடித்தாள். படிக்கட்டு. அவளே ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள், நாலு இடத்தில் தடுக்கியது.

"உன் கண்ணு கலர்ல மயங்கிடுது. என் கண்ணு மயங்கறதில்லை" என்றேன்.

"ரொம்பத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்று மாலை தூண்டில் கடைக்கு என்னோடு கூட வந்தாள், அந்தப் படத்தோடு.

அக்காவுக்குப் படம் புரிந்தது, வியாபாரம்தான் புரியவில்லை. வருகிறவர்கள் ஒரு கலர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், ஏழு கொடு எட்டு கொடு என்று எவன் கேட்பான் என்றார். நியாயமான கேள்வி. நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். மாத முதல் ஞாயிறு ஏரிக்கரையில் தூண்டில் சங்கத்தின் வருஷப் போட்டி. அங்கே அவர் கடை போடுவார். சாமான் மாட்டுகிற பலகையில் எனக்கு ஒரே ஒரு கொக்கி. விற்றால் கடையிலும் கொக்கி தருவார், வெறும் மீனும் தொடர்ந்து தருவார். விற்காவிட்டால் இந்தப் பேச்சே இனிமேல் கூடாது. அந்த ஞாயிறுக்கு மறுநாள்தான் நான் டோக்கன் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை.

பாக்கெட்டிலாவது நம்பரை எழுதிவிடுங்கள் என்று அக்கா சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்றேன். நானே கடையில் நிற்பேன், நானே பார்த்து எடுத்துக் கொடுப்பேன். லேபிள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது கை துறுதுறுத்தது.

போட்டிக்கு முந்தின இரண்டு நாளும் மழை. காலை ஒன்பது மணிக்குக் கரையில் நாற்பது பேர் இருந்தார்கள். தண்ணீர் பால் கூடிப்போன டீ போல இருக்கிறது என்று மனைவி சொன்னாள். மடக்கு ஸ்டூல் போட்டு, மடியில் ஒரு திரைச்சீலையை வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். என் கொக்கியில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று அடர்த்தியில் பன்னிரண்டு பாக்கெட். மிச்சம் ஒரு பையில்.

முதலில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் பழைய முதலாளி. அந்தப் பட்டறைக்காரர்தான். தூண்டில் சங்கத்தில் அவர் முக்கியப் புள்ளி. தலையிலிருந்து கால்வரை தூண்டில் போடுவதற்கென்றே தைத்த உடுப்பு, கையில் மின்னுகிற கோல். கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தச் சாணி உருண்டையெல்லாம் நம்ம சிக்னல் பண்ணதா?" என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அதோடு விட்டாரா? அரக்குக் காருக்குப் பச்சைக் கதவு வைத்த கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டார். மேல் விளக்கு, கீழ் விளக்கு எல்லாம் வந்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஊசியை விரலில் குத்திக்கொண்டாள், அது எனக்குத் தெரிந்தது. பட்டறையில் நின்றபோது எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தோன்றியது. இந்தத் தடவை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதை முடியும்வரை ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் கடைசியில் கோலைச் சரிபார்க்கக் குனிந்தார்.

பதினொன்றரை ஆயிற்று. ஒரு பாக்கெட் போகவில்லை. யாரும் கொக்கிப் பக்கமே வரவில்லை, வந்தால் தங்களையும் கேலி செய்வார்களோ என்ற பயம். ஆனால் கரையிலும் யாருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. அவரவர் பெட்டியில் இருந்த அழகழகான மீன்களையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சங்கத்து ஆள் இல்லை, போட்டியில் சேர முடியாது. ஆனால் ஏரி சங்கத்துக்குச் சொந்தமில்லையே. கடைக்குப் பக்கத்தில் போட்டிக்காகக் கட்டியிருந்த எல்லைக் கயிறு முடிகிற இடத்தில் நின்று, ஏழாம் நம்பரை மாட்டி வீசினேன்.

மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. நல்ல கனம். கரைக்கு இழுத்துப் போட்டபோது, அதன் வாயோரத்தில் என் மீனின் வெள்ளை வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டு மறுபடி வீசினேன். பன்னிரண்டு மணிக்குள் மூன்று. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முதலில் வாங்கியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். நீங்கள் போட்டிருப்பதையே கொடுங்கள் என்று மெதுவாகக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அரை மணியில் அவர் கோல் வளைந்தது. அதன்பின் கொக்கிக்கு முன்னால் வரிசை. ஆறா ஏழா என்று ஆளாளுக்குக் கேட்க, நிழல் விழுகிற இடத்துக்கு ஆறு, வெளிச்சத்துக்கு ஏழு, அந்த மதகோரத்துக்கு எட்டு என்று சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். கொக்கி இரண்டு முறை காலியாகி, பையிலிருந்து எடுத்து மாட்டினேன். அக்கா விலையுயர்ந்த வெளியூர் மீன்கள் தொங்கிய பக்கத்துக் கொக்கியைக் காலி செய்து, நான் பிரித்துக் கொடுத்த எட்டாம் நம்பரையெல்லாம் அதில் மாட்டினார். பிறகு, நாளைக்குக் காலையில் டோக்கன் கொடுக்கப் போய்விடாதீர்கள், கடைக்கு வாருங்கள் என்றார். மனைவி தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மட்டும் கோணிக்கொண்டு போனது.

போட்டி முடிய அரை மணி இருக்கும். பட்டறைக்காரர் வந்தார். காலையிலிருந்து அவருக்கு ஒன்றும் மாட்டவில்லை என்பது கரைக்கே தெரியும். உடுப்பு மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கொக்கியிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கழற்றினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பழக்கதோஷம், அவருக்கு வாயில் அதுதான் வந்தது.

"இது என்ன கலருடா?"

"எட்டு" என்றேன்.

"நம்பரைக் கேக்கலை. கலரைக் கேட்டேன்."

"நானும் கலரைத்தான் சொல்றேன். எட்டு. வெயில்ல நிக்கறீங்க, உங்களுக்கு அது சரிப்படாது. ஏழு எடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர், ஆமாம் அங்கே ஏழுதான் என்று தலையாட்டினார். பட்டறைக்காரர் கையிலிருந்ததை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கழற்றினார். அதுவும் எட்டு. அதையும் மாட்டிவிட்டு அடுத்ததைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன், அது ஆறு. இரண்டு கொக்கிக்கும் நடுவே அவர் கை போய்ப் போய் வந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. மணி பார்த்துக்கொண்டேன், கால் மணி நேரமெல்லாம் ஆகவில்லை, ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது" என்றார் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது.

நான் ஏழாம் நம்பர் பாக்கெட் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பரவாயில்லை. வேணும்னா லேபிள் ஒட்டித் தரட்டுமா?"

என் மனைவி தைப்பதை நிறுத்திவிட்டு, பையில் துழாவி ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.